சொஸ்தமாக்கும் அற்புதம்
(ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், கிறிஸ்து மதத்தில் அற்புதத்தால் வியாதி சொஸ்தமாகிறது என்பதைப் பற்றியதாகும். "இவர்கள் இந்து மதத்தை விட்டுவிட்டுக் கிறிஸ்தவத்தைப் பிடித்துக் கொண்டார்களா?" என்று சிலர் நினைக்கலாம். நாம் ஒன்றையும் விட்டுவிடவில்லை. கண் நோய் தீர இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்து கொள்வதும், கால் நோய் தீர வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்து கொள்வதும், ஜெபக் கூட்டத்தில் தலையை நீட்டுவதும் நமக்கு ஒரே சங்கதிதான். சாமியின் பெயர்தான் வேறு, ஏமாறுகிறவன் ஒருவனே.

முதலாவதாக, ரோமாபுரிச் சபையே என்ன சொல்லுகிறது என்று பாருங்கள். பிரான்சு தேசத்து லூர்து நகரில் 1858-ல் மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்லப்பட்டது முதல், நோய் தீர்ந்ததாகப் பதிவானவை 7000-க்கு மேல். டாக்டர்களைக் கொண்டு விசாரித்து, 2018 வரையில் அற்புதமென்று சபை ஒப்புக்கொண்டவை 70. அதாவது நூற்றுக்கு ஒன்று. மற்ற 99-ஐ அற்புதமென்று ஏற்காதவர்கள் நாஸ்திகர்கள் அல்ல, பிஷப்புகளே! மீதி ஒன்றைப் பற்றி நாம் சொல்வது, காரணம் தெரியவில்லை என்பதாலேயே காரணம் இல்லை என்று ஆகிவிடாது என்பதே. அப்படியிருக்க, ஒரே மாலையில் பந்தலில் ஐம்பது பேர் சொஸ்தமானார்கள் என்றால் புத்தியுள்ளவன் எப்படி நம்புவான்?

நம்பிவிட்டுப் போகட்டுமே, நஷ்டமென்ன என்பீர்கள். நஷ்டம் இருக்கிறது. குணமானால் கர்த்தரின் மகிமை; குணமாகாவிட்டால் நோயாளிக்கு விசுவாசம் போதாது என்கிறார்கள். இது என்ன நியாயம்? மருந்து பலிக்காவிட்டால் வைத்தியனைக் கேட்கிறோம். இங்கோ நோயாளியே குற்றவாளி! காசநோய்க்காரன் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால், கிருமி மருந்துக்கு அடங்காததாகி வீட்டாருக்கும் பரவும். இன்சுலினால் உயிர் வாழும் குழந்தைக்கு ஊசியை நிறுத்தினால் சில நாட்களில் உயிர் போய்விடும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், தன் விசுவாசக் குறைவால் அது செத்ததென்று வாழ்நாளெல்லாம் அழவேண்டுமாம்! பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டதற்கு, அவனுடையதுமல்ல, பெற்றோருடையதுமல்ல என்று ஏசு சொன்னதாகத்தானே யோவான் சுவிசேஷத்தில் இருக்கிறது?

ஏசு குஷ்டரோகியைத் தொட்டுச் சொஸ்தமாக்கினார் என்கிறார்கள். பிரசங்கிகள் 'சொஸ்தமாக்கினார்' என்பதைப் பிடித்துக் கொண்டார்கள். நாம் 'தொட்டார்' என்பதைக் கவனிக்கிறோம். தொடுவதற்கு அற்புதம் வேண்டியதில்லை. ஆனால் திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்து மாதா கோயிலில் ஜாதிகளைப் பிரிக்கச் சுவர் இருந்தது; 1910-ல்தான் அது இடிக்கப்பட்டது. அதே வடக்கன்குளத்தில் 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம், ஜாதி பேதம் பாராமல் பழகியவர். 1752-ல் ஆரல்வாய்மொழிக் காட்டாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அதற்கு அவர் உயிரைக் கொடுத்தது மாத்திரம் போதவில்லை. அவரை வேண்டியதால் கர்ப்பத்திலிருந்த சிசுவின் நின்ற இருதயம் மறுபடி துடித்தது என்ற புதுமையும் வேண்டியிருந்தது! இந்த நாட்டில் ஒரு மனிதன் ஜாதியை மறந்து வாழ்ந்தான் என்பதைவிடப் பெரிய புதுமை வேறென்ன வேண்டும் என்று கேட்கிறோம்.

கிறிஸ்தவர்களில் மெய்யாகச் சொஸ்தமாக்கியவர்களும் உண்டு. திண்டிவனத்தில், ஆண் வைத்தியர் தொடக்கூடாதென்ற வழக்கத்தால், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டதைக் கண்ட ஐடா ஸ்கடர் ஜெபத்தோடு நின்றுவிடவில்லை. அமெரிக்கா சென்று 1899-ல் டாக்டரானார். 1900-ல் வேலூரில் ஒரே கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி வைத்தார். அதுதான் இன்றைய பெரிய வேலூர் ஆஸ்பத்திரி.

தோழர்களே! ஜெபிக்கிறவர்கள் ஜெபிக்கட்டும். மாத்திரையை நிறுத்து என்கிறவனை மட்டும் வாசற்படி ஏற்றாதீர்கள். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்கிறார்கள். அந்தத் துணி, புண்ணைக் கட்டுமுன் உன் ஜாதி என்ன, உன் விசுவாசம் எவ்வளவு என்று கேட்பதில்லை. மனிதனுக்கு மனிதன் செய்யும் அந்தத் தொண்டே போதும் என்று கூறி முடித்துக் கொள்ளுகிறோம்.