மழைக்கு முன்னால் தயாராகுங்கள்!

(அம்பத்தூரில் இளைஞர்களிடமும் வணிகர்களிடமும் ஆற்றிய உரையிலிருந்து)



2015 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். பூந்தமல்லிக்கு அருகே உள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. அடையாறு ஊருக்குள் புகுந்தது. சென்னையின் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையிலேயே வெள்ளம் புகுந்து ஜெனரேட்டர் நின்றது. தீவிர சிகிச்சையில் இருந்த 18 பேர் இறந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை மீண்டும் தண்ணீரில் மிதந்தது.

இரண்டு முறையும் நம் இளைஞர்கள் சும்மா இருக்கவில்லை. தண்ணீரில் இறங்கி மக்களை மீட்டார்கள். சோறு ஆக்கிக் கொடுத்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு கேள்வி. தூக்கி வந்தவருக்கு மூச்சு நின்றிருந்தால் அடுத்து என்ன செய்வது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மூச்சு நின்று நான்கைந்து நிமிடம் கடந்தால் மூளை பாதிக்கத் தொடங்கி விடும். 2008 முதல் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அதன் ஊழியர்கள் பயிற்சி பெற்றவர்கள். ஆனால் இடுப்பளவு தண்ணீரில் வண்டி மெயின் ரோட்டோடு நின்று விடும். தேசியப் பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்திலிருந்து வர வேண்டும். அவர்கள் வந்து சேரும் வரை நம் தெருவுக்கு நாம்தான் பொறுப்பு.

ஆகவே இளைஞர்களே! தெருவுக்குப் பத்துப் பேர் முதலுதவி கற்றுக் கொள்ளுங்கள். நீரில் மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று நிறுத்தாமல் தொடர வேண்டும். பாம்பு கடித்த இடத்தைக் கீறாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள். அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மின்சாரம் தாக்கியவரைத் தொடுமுன் மெயினை அணையுங்கள். இவற்றைக் காதால் கேட்டால் போதாது. பயிற்சி பெற்றவரிடம் கையால் செய்து பழக வேண்டும்.

வணிகர்களே! ஹார்டுவேர் கடைக்காரர் கயிறு கொடுக்கலாம். டயர் கடைக்காரர் லாரி டியூப் கொடுக்கலாம். மருந்துக் கடைக்காரர் கட்டுத்துணியும் கையுறையும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் கொடுக்கலாம். லாரி வைத்திருப்பவர் உயரமான வண்டி ஒன்றை அந்த நாட்களுக்கு ஒதுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முதலாக, ஒரு பட்டியல் வேண்டும். நம் தெருவில் டயாலிசிஸ் செய்து கொள்பவர் யார்? நிறைமாதக் கர்ப்பிணி யார்? இன்சுலின், ஆக்சிஜன் தேவைப்படுபவர் யார்? நடக்க இயலாத பெரியவர் எந்த மாடியில் இருக்கிறார்? மழை எச்சரிக்கை வந்தவுடன், தண்ணீர் ஏறுவதற்கு முன்பே இவர்களை மேடான பகுதிக்கு மாற்றி விட்டால், நள்ளிரவில் படகு தேட வேண்டியதில்லை. பட்டியலில் எல்லாச் சமுதாயத்தவர் வீடும் இருக்க வேண்டும். வெள்ளம் யார் வீடென்று பார்த்து வருவதில்லை.

அக்டோபரில் பருவமழை தொடங்கி விடும். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கலைந்து போகாதீர்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து, உங்கள் தெருப் பட்டியலின் முதல் பெயரை எழுதி விட்டு எழுந்திருங்கள்.