முன்பின் அறியாதார் நீட்டிய கை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

புலவர் பலர் அமர்ந்திருக்கும் இவ்வவையில், இரயில்வே எழுத்தனாகிய என்னையும் பேசுமாறு பணித்தீர்கள். இலக்கிய நயம் கூற நான் வல்லனல்லன். பள்ளியிறுதித் தேர்வோடு என் படிப்பு நின்றது. ஆகவே என் தொழிலோடு ஒட்டிய ஒன்றையே பேசத் துணிகின்றேன். பேராபத்து நேர்ந்தவிடத்து முதலில் உதவிக்கு வருவோர் யாவர் என்பதே அது.

விபத்துச் செய்தி எட்டியதும் மருத்துவரோடும் பாரந்தூக்கியோடும் புறப்படுவதற்கென்றே இரயில்வேயில் தனி நிவாரண வண்டிகள் உண்டு. ஆயினும் அவை எத்துணை விரைந்து வந்தாலும், தொலைவு தொலைவுதானே? பெருகும் குருதி வண்டி வரும்வரை காத்திராது. அந்த இடைப்பொழுதில் உயிர் காப்போர், அருகிலிருக்கும் அயலாரே.

2023 ஆம் ஆண்டு ஜூன் 2 ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். ஷாலிமாரிலிருந்து சென்னைக்குச் செல்லும் கோரமண்டல் விரைவு வண்டி, வங்காளத்தில் வாழும் நாம் ஊருக்குச் செல்ல ஏறும் அதே வண்டி, மாலை 7 மணி அளவில் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்துப் பஹானகா பஜார் நிலையத்தை நெருங்கிற்று. நேர்ப்பாதைக்குப் பச்சை விளக்குப் பெற்று வந்த வண்டி, பக்கத்து லூப் பாதையில் புகுந்து, அங்கே இரும்புத் தாதுடன் நின்ற சரக்கு வண்டியின்மீது மோதியது. புரண்ட பெட்டிகள், எதிர்த்திசையில் சென்ற பெங்களூரு–ஹௌரா வண்டியின் கடைசிப் பெட்டிகளையும் கவிழ்த்தன. 296 பேர் மாண்டனர். 1,000 பேருக்கு மேல் காயமுற்றனர். சிக்னல் இணைப்பு வேலையில் நேர்ந்த பிழையே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது.

மீட்புப் படையினர் வந்து சேருமுன் அங்கே ஓடி வந்தவர்கள் சுற்றுப்புறச் சிற்றூர் மக்கள். உயிர் தப்பிய பயணிகளும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர். கைப்பேசியின் சிறு விளக்கே அவர்களுக்கு வெளிச்சம். கவிழ்ந்த பெட்டிகளுள் இறங்கி, குரல் கேட்ட திசையில் தடவிச் சென்று, மக்களை வெளிக்கொணர்ந்தனர். கிடைத்த ஊர்திகளில் ஏற்றி அனுப்பினர். அன்றிரவே பாலசோர் மருத்துவமனையில் இரத்தம் கொடுக்க இளைஞர் வரிசையில் நின்றனர். உள்ளே கிடந்தவன் எம்மொழியினன், எச்சாதியினன் என்று எவரும் கேட்டாரில்லை.

இவ்வகைச் செயல் ஒடிசாவுக்கு மட்டும் உரியதன்று. 2020 ஆகஸ்டு 7 ஆம் நாள், துபாயிலிருந்து 190 பேருடன் வந்த விமானம் கோழிக்கோட்டு ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் வீழ்ந்து பிளந்தது. 21 உயிர்கள் போயின. கொட்டும் மழை, கொரோனா பரவிக்கொண்டிருந்த காலம். அண்டை வீட்டாரையே அண்ட அஞ்சிய அந்நாளில், கொண்டோட்டிப் பகுதி மக்கள் காயமுற்றோரை வாரி எடுத்துத் தம் கார்களில் கொண்டுசென்றனர். பின்னர்த் தாமாகவே தனித்திருந்தனர்.

அங்ஙனமாயின் நம் தெருவில் ஒருவன் அடிபட்டுக் கிடக்கும்போது பலர் சுற்றி நின்று பார்ப்பதோடு அமைவது ஏன்? நெஞ்சில் ஈரமின்மை என்று நான் கூறேன். அச்சமே பெரிது. காவல் நிலையம் அழைக்குமோ, நீதிமன்றம் இழுக்குமோ, மருத்துவமனை பணம் கேட்குமோ என்னும் அச்சம். இவ்வச்சத்துக்கு இன்று இடமில்லை. 2016 மார்ச்சு 30 இல் உச்சநீதிமன்றம், சாலை விபத்தில் உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளை உறுதி செய்தது. 2019 இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அதற்கென ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்கில்லை. விருப்பமின்றேல் அவர் தம் பெயரையும் கூற வேண்டுவதில்லை.

அச்சம் நீங்கினால் போதாது, அறிவும் வேண்டும். குருதி பெருகுமிடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்தல் வேண்டும். மயங்கியவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றுதல் ஆகாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை, தீ முதலிய வேறு ஆபத்து இல்லாதவிடத்து, இழுத்து அசைத்தல் தீது.

அன்பர்களே, இறுதியாக ஒன்று. கோரமண்டல் வண்டி நம்மை இங்குக் கொணர்ந்தது. இங்குள்ள ஏழைத் தொழிலாளரைப் பிழைப்புக்காகத் தமிழகத்துக்குக் கொண்டு செல்வதும் அவ்வண்டியே. அன்று பஹானகாவில் மாண்டோருள் அத்தகையோர் பலர். இங்கே நாம் அயலார். அங்கே அவர் அயலார். ஊருக்குச் செல்லும்போது நம் உறவினர் சிலர் "வடக்கத்தியான்" என்று அவர்களை இளப்பமாகப் பேசக் கேட்கிறோம். கேட்டு வாளா இருத்தல் நமக்கு அழகன்று. சாரத்திலிருந்து வீழ்ந்த வங்காளக் கூலியாளைத் தூக்க அங்கே ஒரு கை நீள வேண்டுமென்றால், இங்கிருந்து செல்லும் நாமே அதனைச் சொல்லத் தக்கவர்கள்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். ஒவ்வோர் உறுப்பினர் குடும்பத்தின் இரத்த வகையையும் ஓர் ஏட்டில் பதிந்து வைப்போம். 18 வயது நிரம்பிய, உடல்நலமுடைய எவரும் மருத்துவர் ஒப்புதலோடு இரத்தம் கொடுக்கலாம். அவ்வேடு தமிழருக்கு மட்டுமன்று, இவ்வூரில் எவருக்கு இன்னல் நேரினும் பயன்படுக. நமக்குச் சோறிடும் ஊருக்கு நாம் செலுத்தும் கடன் அதுவேயாகும்.