உயிலை நாமே எழுதலாமா?



உயிலை நாமே எழுதலாமா, வக்கீலிடம் போகவேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். நான் வக்கீல் இல்லை. ஸயன்ஸ் படித்து சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சட்டம் கேட்பது கொஞ்சம்தான். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி வெள்ளைக் காகிதத்தில் எழுதினாலும் உயில் உயில்தான். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்திடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திடவேண்டும். பின்னால் தகராறு வந்தால் ஒரு சாட்சியாவது கோர்ட்டில் வந்து சொல்லவேண்டும். நாமோ எழுபத்தைந்து வயதில் எதிர்வீட்டு எண்பது வயதுக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம்!

சொந்த சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, பென்ஷன் பணத்தில் போட்ட டெபாஸிட் இவை மட்டும் உள்ளவர் தாமே எழுதிக்கொள்ளலாம். குழந்தைகள் சண்டை போடாதவர்களாக இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் நம் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் குடும்பங்களின் விஷயம் வேறு. 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடு தாலூகா சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரை தாலூகா கேரளத்தில் நின்றது. இப்பால் வீடு, களியக்காவிளைக்கு அப்பால் பாட்டனார் காலத்துத் தென்னந்தோப்பு என்று இருந்தால், குடும்பம் ஒன்று, சட்டம் இரண்டு. கேரளத்தில் 1976 டிசம்பர் 1 முதல் கூட்டுக்குடும்ப முறையே ரத்து. அன்றிருந்த பங்காளிகளுக்குத் தனித்தனிப் பங்காயிற்று. தமிழ்நாட்டில் ரத்தாகவில்லை. அங்கே 1989-லேயே கல்யாணமாகாத பெண்களுக்குப் பிறப்புரிமை வந்தது. 2005-ல் மத்தியச் சட்டம் எல்லாப் பெண்களுக்கும் கொடுத்தது. அப்பா அன்று உயிரோடு இருந்திருக்கவேண்டியதில்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் தீர்த்துவைத்தது.

இது தெரியாமல் ஒருவர், "இரண்டும் மூத்த பிள்ளைக்கு" என்று அழகாக எழுதி வைக்கிறார். தோப்பு இன்னும் கூட்டுக்குடும்பச் சொத்தாக இருந்தால், மும்பையில் இருக்கும் பெண்ணின் பங்கை எழுதிக்கொடுக்க அவருக்கு அதிகாரமே கிடையாது. அந்த அளவுக்கு உயில் செல்லாது. அண்ணன் தங்கை பேச்சும் நின்றுபோகும். மாறாக, 1956-க்குப் பிறகு காலமான தகப்பனாரின் சுயார்ஜிதம் வாரிசாக வந்தது என்றால் அது அவருக்கே சொந்தம், யாருக்கும் எழுதலாம். தோப்பைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்!

போதாததற்கு, 2025 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம், கேரளச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2005-ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு முரணானவை, பூர்விகச் சொத்தில் பெண்களுக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. பாறசாலை வீடு பூர்விகமானால் அந்தக் கணக்கையும் திரும்பப் போடவேண்டும்.

ஆகவே என் அபிப்பிராயம், பூர்விகம் ஒரு சென்ட் இருந்தாலும் வக்கீலிடம் போங்கள். ஆதாரம் எழுதுகிறவர் போதாது. நாம் சொன்னதை அவர் எழுதித் தருவார். இது உங்களுடையதா என்று கேட்கமாட்டார். போகும்போது முன் ஆதாரம், கேரளத்து நிலத்துக்குக் கரம் கட்டிய ரசீது, தமிழ்நாட்டு நிலத்துக்குப் பட்டா, பெண்கள் பெயரும் சேர்த்து எழுதிய வம்சாவளி இவற்றை எடுத்துச் செல்லுங்கள். 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பத்திரம் இருந்தால் அதை மறக்கவேண்டாம். அந்தப் பாகத்தை 2005-ஆம் வருஷத்துச் சட்டம் தொடாது.