பாஞ்சாலி கூந்தல் முடிக்கும் நாள்



தீமிதியை நம் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஆனால், "எதற்காக மிதிக்கிறார்கள்?" என்று அவர்கள் கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம். விடை தேடி, நம்மவர் பலரின் பாட்டன் பாட்டி கப்பலேறி வந்த ஆர்க்காட்டுச் சீமைக்குச் சென்று வருவோம்.

பழைய தொண்டை நாட்டிலும், அடுத்துள்ள செஞ்சிப் பகுதியிலும் திரௌபதி அம்மனுக்குக் கோயில்கள் பல. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரிக் கோயிலையே ஆதிக் கோயில் என்பர். கோடையில் கொடியேறும். பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். இரவில் அதே கதை தெருக்கூத்தாக விடிய விடிய நடக்கும். எழுத்தறியாத மக்களும் பாரதத்தை அறிந்தது இப்படித்தான். அர்ச்சுனன் தபசன்று கூத்தாடி உயர்ந்த தபசு மரத்தின்மீது ஏறி எலுமிச்சம் பழங்களைப் போடுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள்.

நிறைவு நாளில் படுகளம். துரியோதனனை மண்ணால் பெரிய உருவமாகத் தரையில் கிடத்தியிருப்பார்கள். பீமன் வேடம் பூண்டவர் அதன் தொடையில் அடிப்பார். குருதியாகப் பாவித்த செந்நீரைத் தடவி அம்மனின் விரித்த கூந்தலை முடிப்பார்கள். சபையில் அவமானப்பட்ட ஒரு பெண்ணின் சபதம் அன்று நிறைவேறுகிறது. எனினும், வெற்றியோடு கதை முடிவதில்லை. மகனைப் பறிகொடுத்த காந்தாரியின் ஒப்பாரியும் அக்களத்தில் எழும். பகைவனைப் பெற்ற தாயின் கண்ணீரையும் மதித்த மக்கள் அவர்கள். அதன் பிறகே தீமிதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரௌபதி அம்மன் கோயில்கள் பலவற்றில் காவல் நிற்பவர் முத்தால ராவுத்தர் என்னும் முஸ்லிம் வீரர். வேற்று மதத்தவரையும் தம் தெய்வத்தின் காவலராக ஏற்ற மனம் அந்தக் கிராமங்களுக்கு இருந்தது.

இவ்வழிபாடு கடல் கடந்தும் வந்தது. 1827இல் தோன்றிய சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் கோயிலில், தீபாவளிக்கு முன் நடைபெறும் தீமிதி திரௌபதி அம்மனுக்கு உரியதே.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தன. நெருப்பை மட்டும் காட்டிவிட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டால், பிள்ளைகளுக்கு அது வெறும் வேடிக்கையாகிவிடும். அடுத்த தீமிதிக்குப் போகும் வழியிலாவது, பாஞ்சாலி ஏன் கூந்தலை முடியாதிருந்தாள் என்று அவர்களுக்குச் சொல்வோம். காந்தாரி அழுததையும் மறவாமல் சொல்வோம்.