பழைய கணினி, இரண்டு இயங்குதளம்



2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சிடாக் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கும். ராயபுரத்தில் எங்கள் பள்ளிக் கணினிகளிலும் அப்படியே இரண்டும் வைத்திருக்கிறோம்.

பென்டிரைவிலிருந்து கணினி தொடங்கவில்லையா? ஐஎஸ்ஓ கோப்பை வெறுமனே நகலெடுத்தால் போதாது. ரூஃபஸ் போன்ற மென்பொருளால் எழுத வேண்டும். பிறகு பயாஸில் யுஎஸ்பியை முதலில் வையுங்கள்.

நிறுவும் முன் மதிப்பெண் பட்டியல்களை வேறிடத்தில் சேமியுங்கள். 'முழு வட்டையும் அழி' என்பதைத் தொடாதீர்கள். 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்பதே நம் வழி. பின்னர் விண்டோஸே நேராகத் திறந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் துவக்க வரிசையை மாற்றினால் லினக்ஸ் வந்துவிடும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதற்காக, ஓடுகிற கணினியை ஓரங்கட்டாதீர்கள். காசிமேட்டுப் பிள்ளைகள் பலருக்குப் பள்ளிக் கணினிதான் முதல் கணினி.