புல்லும் புழுவும் நானும்



"சிவில் படிச்சவனுக்குப் புழுவோட என்னப்பா வேலை?" என்று வாசலிலேயே ஒரு நண்பர் கேட்டுவிட்டார். சொல்கிறேன்.

வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகள் நெதர்லாந்தில் இருந்தேன். அந்த நாட்டில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே. கரையின் பெரும்பகுதியில் கடலைத் தடுப்பது மணல்மேடுகள்தான். மணலைப் பிடித்து வைப்பது மாரம் என்னும் புல். ஓரிடத்தில் அது வாடியிருந்தது. மணல் வந்து மூடுவதால்தான் வாடுகிறது என்று நானே முடிவு கட்டி, தடுப்பு வைத்து மணலை நிறுத்தலாம் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.

படித்த மூத்த சக ஊழியர் ஒன்றும் பேசவில்லை. என்னை மேட்டுக்கு அழைத்துப் போய்ப் புல்லைத் தோண்டிக் காட்டினார். பழைய மணலில் வேர் நலிந்து கிடந்தது. புது மணல் விழுந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று இருந்தது. பழைய மணலில் வேரைத் தாக்கும் நூற்புழுக்களும் பூஞ்சைகளும் பெருகிவிடுகின்றன. புது மணல் விழுந்தால் வேர் மேலேறித் தப்பிக்கிறது. நான் நிறுத்தச் சொன்னது அந்தப் புல்லின் உயிரை!

இதில் எந்தப் புழு என்பதும் முக்கியம். நம்ம ஊர்க் கத்தரி, தக்காளி வேரில் முடிச்சுப் போடுகிறதே, அந்த மெலாய்டோகைனே பேரினத்தில், மாரம் புல்லைத் தாக்கும் மாரிட்டிமா என்ற இனத்தை 1987-ல் ஜெப்சன் விவரித்தார். கடலுக்கு இன்னும் நெருக்கமாக முளைக்கும் எலைமஸ் புல்லில் இருப்பது வேறு இனம் என்று கார்சன், வான் ஏல்ஸ்ட், வான் டெர் புட்டன் மூவரும் 1998-ல் எழுதி, டுய்ட்சி என்று பெயரிட்டார்கள்.

வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஜாடை. குஞ்சுப்புழு அரை மில்லிமீட்டர் கூட வராது. அதன் வாயூசியோ மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு! அதையும் அளக்கிறார்கள். பெண் புழுவின் பின்புறத்து வரிகளைக் கைரேகை மாதிரி ஒப்பிடுகிறார்கள். அதன் பிறகே புது இனம் என்கிறார்கள்.

நம்ம சர்வே வாத்தியார் கேட்பாரே, "அளந்தியா, இல்ல குத்துமதிப்பா எழுதினியா?" என்று! அந்த அறிக்கையை நான் குத்துமதிப்பாகத்தான் எழுதினேன், ஐயா. திரும்ப வாங்கி, என் கையாலேயே கிழித்துப் போட்டேன்.