அகப்பை செய்யும் கணினியும் தோட்டத்துச் சொற்களும்



மர அகப்பை ஒன்றைக் கணினி இயந்திரம் எவ்வாறு செய்கிறது என்பதை மொழியியல் நோக்கில் எடுத்துரைக்க இவ்வவையினர் எமக்கு வாய்ப்பளித்துள்ளனர். மொழி மன்றத்தில் தச்சு வேலைக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். வேலையைச் சொல்லும் வினைச்சொற்களே இன்றைய பொருள். ஆயினும் வேலையை அறியாதார் அதன் சொல்லை ஆராயப் புகுந்தால் ஆராய்ச்சி அகராதியோடு நின்றுவிடும். ஆகவே வேலையிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் அகப்பையின் வடிவம் திரையில் வரையப்படுகிறது. அவ்வடிவத்தைப் பெற அலகு எவ்வழியே செல்லவேண்டும் என்பதை ஒரு மென்பொருள் கணக்கிட்டு, ஆணைகளை வரிவரியாக எழுதித் தருகிறது. ஜி-0 என்றால் வெட்டாது விரைந்து நகர். ஜி-1 என்றால் வெட்டிக்கொண்டே நேராக நகர். ஜி-2, ஜி-3 என்றால் வில்போல் வளைந்து நகர். முன்னது வலஞ்சுழி, பின்னது இடஞ்சுழி. எம்-3 என்றால் சுழலத் தொடங்கு. எம்-5 என்றால் நில். இலக்கணம் பயில்வோர் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். இவை அனைத்தும் ஏவல்கள். வா, நில், செல் என நம் வினையடிகள் விகுதி ஏதுமின்றி ஏவலாக நிற்பதுபோலவே இவ்வாணைகளும் எழுவாயின்றி நிற்கின்றன. ஆகவே, தமிழ் இயந்திரத்துக்கு ஒத்துவராத மொழி என்ற பேச்சை நாம் பொருட்படுத்துவதில்லை.

மரப்பலகை மேசைமீது அசையாமல் இறுக்கப்படுகிறது. அதன் மேலே சுழலும் அலகு மூன்று திசைகளில் நகர்கிறது. நிமிடத்துக்கு 18,000 சுற்றுச் சுழலும் அலகில் இரண்டு வெட்டுவாய்கள் உள்ளன என்றும், ஒவ்வொரு வாயும் ஒரு சுற்றில் 0.1 மில்லிமீட்டர் மரத்தைக் கடிக்கிறது என்றும் கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் அலகு நகரவேண்டிய வேகம் நிமிடத்துக்கு 3,600 மில்லிமீட்டர் என்று வரும். மெதுவாகச் சென்றால் வேலை நன்றாக அமையும் என்று எண்ணுவது இயல்பு. இங்கு அது பொருந்தாது. வேகம் மிகக் குறைந்தால் அலகு மரத்தை வெட்டாமல் தேய்க்கும், மரம் கருகும். ஒரு பக்கம் முடிந்ததும் பலகையைப் புரட்டி, முளைக்குச்சிகளால் அதே இடத்தில் பொருத்தி, மறுபக்கத்தை வெட்டுவர். பிறகு உப்புத்தாள் தேய்ப்பதும் எண்ணெய் பூசுவதும் மனிதக் கையின் வேலை.

இம்முறை தோன்றியது அடுக்களைக்காக அன்று. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1952-ஆம் ஆண்டு எண்கட்டுப்பாட்டு இயந்திரம் செயல்விளக்கம் செய்யப்பட்டபோது, வானூர்தி உறுப்புகளே அதன் நோக்கம். அன்று ஆணைகள் துளையிட்ட நாடாவில் இருந்தன. இன்று மலாக்காவை அடுத்த மூவாரின் தளவாடத் தொழிற்சாலைகளில் இவ்வியந்திரங்கள் நாற்காலிக் கால்களையும் கட்டில் தலைகளையும் வெட்டுகின்றன. மேசைமேல் வைக்கத்தக்க சிறு இயந்திரங்களும் வந்துவிட்டன. ஒரு பள்ளிப் பட்டறைக்கு அவை எட்டாதவை அல்ல.

இனி, அந்த இயந்திரம் மரத்தை என்ன செய்கிறது? செதுக்குகிறதா, குடைகிறதா, கடைகிறதா, துருவுகிறதா?

இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. கடைதல் என்பதை எடுத்துக்கொள்வோம். தயிர் கடைகிறோம், கீரை கடைகிறோம், தச்சர் மரம் கடைகிறார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இம்மூன்று பொருளையும் ஒரே வினையின்கீழ்த் தருகிறது. அடுக்களையும் பட்டறையும் ஒரு சொல்லைப் பகிர்ந்துகொண்டது ஏன்? பழைய முறையில் தயிர் கடையும்போது மத்தைக் கயிற்றால் சுற்றி, இரு முனைகளையும் மாறிமாறி இழுப்பர். பழைய கடைசல் பட்டறையிலும் மரத்துண்டைக் கயிற்றால் சுற்றி ஒருவர் அவ்வாறே இழுக்க, மற்றவர் உளியைப் பிடிப்பார். இரண்டிலும் ஒரே அசைவு. கயிறு போய் மின்னோடி வந்த பின்னும் சொல் நின்றது. நெல்லைச் சீமையில் அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகள் கடைசலில் பிறப்பவை. மத்தின் தண்டும் உருட்டுக்கட்டையும் அவ்வாறே. கடைந்து செய்த மத்தே பிறகு கீரையைக் கடைகிறது என்பதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள்; மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஆனால் கடைதலில் மரம் சுழல்கிறது, உளி சுழல்வதில்லை. நாம் விவரித்த இயந்திரத்தில் மரம் அசையாது, அலகே சுழல்கிறது. ஆகவே அது கடைதல் அன்று. கணினியால் இயங்கும் கடைசலும் உண்டு. அது வேறு இயந்திரம். மலாய் மொழியும் கடைசலுக்கு லாரிக் என்றும், மரச்சிற்ப வேலைக்கு உக்கிர் என்றும் இரண்டையும் பிரித்தே வழங்குகிறது.

செதுக்கு இயந்திரம் என்று சிலர் எழுதுகின்றனர். சிற்பத்தின் நினைவு அச்சொல்லுக்கு ஒரு பெருமையைத் தந்திருக்கிறது என்பது உண்மை. எனினும், செதுக்குதலில் கருவி ஓங்கி இறங்கும் அல்லது உந்தித் தள்ளப்படும், சில்லு தெறிக்கும். புல் செதுக்குதல் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சுழலும் அலகின் செயல் இது அன்று. குடைதல் இன்னும் நெருங்கி வருகிறது. அகப்பையின் குழியைக் குடைவதாகச் சொல்வதில் பிழையில்லை. ஆயினும் குடைதல் விளைவைச் சொல்கிறதே தவிர, வெட்டும் முறையைச் சொல்லவில்லை.

துருவுதலுக்கு வருவோம். மலாக்காச் சந்தையில் தேங்காய்ப்பூ வாங்கியவர்கள் அனைவரும் துருவும் இயந்திரத்தைப் பார்த்திருப்பார்கள். பல் வைத்த உருண்டைத் தலை ஒன்று விரைந்து சுழல்கிறது. கடைக்காரர் தேங்காய் மூடியை அதன்மேல் அழுத்துகிறார். உட்புறம் குழியாகிக்கொண்டே போகிறது. அகப்பைக் குழியை வெட்டும் அலகின் முனையும் உருண்டையானதே. அதற்கும் வெட்டுவாய்கள் உண்டு. அதுவும் சுழன்றே வெட்டுகிறது. ஒரே வேறுபாடு, சந்தையில் தேங்காய் நகர்கிறது, பட்டறையில் தலை நகர்கிறது. தமிழ்நாட்டுத் தொழிற்கல்வி நூல்கள் இவ்வகை இரும்பு வேலைக்குத் துருவல் என்ற சொல்லையே ஆண்டுள்ளன. அதை மரத்துக்கும் நீட்டி, கணினித் துருவல் என்றே வழங்கலாம் என்பது நம் கருத்து. சி.என்.சி. என்ற பேச்சுவழக்கை எவரும் கைவிட வேண்டியதில்லை. பட்டறையில் அது நிற்கட்டும், பாடநூலில் வினை விளங்கட்டும்.

இதுவரை பேசியவை தாயகத்து அகராதியிலும் கிடைக்கும். மலாக்காத் தோட்டங்கள் தரக்கூடியவை இனிமேல்தான் வருகின்றன.

1896-ஆம் ஆண்டு தான் சே யான் என்பவர், ரிட்லியின் தூண்டுதலால், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். மலாயாவின் முதல் முயற்சிகளில் அதுவும் ஒன்று. அதன்பின் எழுந்த தோட்டங்களில் நம் முன்னோர் மரம் சீவினர். ரப்பர் மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் பால் தரும். பிறகு வெட்டி மறுநடவு செய்வர். வெட்டிய மரம் முன்பு பெரும்பாலும் விறகாயிற்று. புகைக்கொட்டகையில் ரப்பர்த் தகடுகளைப் புகையூட்டவும் அதுவே எரிந்தது. அறுத்தவுடன் பூஞ்சையும் வண்டும் தாக்கும் மரம் அது. போரான் உப்புக் கரைசல் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பின்னரே தளவாட மரமாக மதிப்புப் பெற்றது. இளமஞ்சள் நிறம், நெருக்கமான இழை, அளவான கனம் ஆகியவற்றால் அகப்பைக்கும் வெட்டுப்பலகைக்கும் இன்று அது விரும்பப்படுகிறது. நம் பாட்டியர் சீவிய மரத்தின் வழித்தோன்றலே இன்று இயந்திரத்தின் மேசைமீது கிடக்கிறது.

சீவுதல் என்பது எளிய வெட்டு அன்று. ஒவ்வொரு முறையும் பட்டையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவே எடுக்கவேண்டும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்த அளவு விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கொளியில் கைக்குத் தெரிந்திருந்தது. துருவல் இயந்திரமும் 18 மில்லிமீட்டர் ஆழத்தை ஒரே மூச்சில் வெட்டுவதில்லை. 3 மில்லிமீட்டர் வீதம் ஆறுமுறை இறங்கும். அவ்வொவ்வோர் இறக்கத்துக்கும் பெயர் வேண்டும். கலைச்சொல்லாக்கக் குழுவிடம் கேட்டால் 'வெட்டாழப் படிநிலை' என்று ஒன்று வரக்கூடும். நாமும் அத்தகைய குழுக்களில் அமர்ந்தவர்களே. தோட்டத்துக்காரரிடம் கேட்டால் 'ஆறு சீவல்' என்பார். இரண்டாவது குறுகியது, மெல்லிய அளவு என்னும் பொருளும் அதனுள்ளேயே இருக்கிறது.

நிரை என்ற சொல்லும் அத்தகையதே. பேச்சில் அது 'நெர' என வழங்கும். வரிசையாக நின்ற மரங்களை நிரை நிரையாகப் பிரித்துத்தான் வேலை தரப்பட்டது. ஒரு நிரையின் முடிவுவரை சென்று, திரும்பி, அடுத்த நிரையில் வருவார்கள். அகப்பையின் குழியை மெழுகும் இறுதி வெட்டில் அலகு செய்வதும் இதுவே. 40 மில்லிமீட்டர் அகலக் குழியில் 0.6 மில்லிமீட்டர் இடைவெளியில் அலகு போய்வந்தால் அறுபதுக்கு மேற்பட்ட நிரைகள் வரும். நிரை நெருங்கினால் மேற்பரப்பு வழவழப்பாகும், நேரம் கூடும். விலகினால் வரப்புகள் தெரியும். நிரையிடைவெளி என்ற கலைச்சொல்லை யாரும் புதிதாக ஆக்கவேண்டியதில்லை. அது ஜாசினிலும் அலோர் காஜாவிலும் வயது முதிர்ந்தவர்களின் வாயில் இருக்கிறது. எழுதி வைக்காதவரை அவர்களோடு போகக்கூடிய நிலையிலும் இருக்கிறது.

தச்சரின் நூல் என்ற அளவையும் இங்கே சொல்லவேண்டும். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஆகவே ஒரு நூல் 3.175 மில்லிமீட்டர். மெட்ரிக் அளவை வந்ததும் நூல் போயிற்று என்றே பலரும் நினைக்கிறோம். சிறு இயந்திரங்களுக்கான அலகுகளை வாங்கிப் பாருங்கள். தண்டின் கனம் 3.175 மில்லிமீட்டர் என்றே அச்சிட்டிருக்கும். அடுத்த அளவு 6.35, அதாவது இரண்டு நூல். இந்த விசித்திரப் பின்னம் ஏன் என்று மாணவர் கேட்டால், பழைய தச்சர் ஒருவரே விடை சொல்லிவிடுவார்.

சொல் எங்கே நிலைக்கிறது என்பதற்கு மலாக்காவிலேயே சான்றுண்டு. காஜா பேராங்கின் மலாக்காச் செட்டிகள் பல தலைமுறைகளாக மலாய் வழக்கொன்றையே தாய்மொழியாகப் பேசுகின்றனர். ஆயினும் தை மாதத்தில் அவர்கள் பொங்குவது பொங்கலே. செயல் தொடர்ந்த இடத்தில் சொல் தங்கியிருக்கிறது. மலாயில் பலகார அச்சை அச்சுவான் என்பர். அது நம் அச்சு என்பதிலிருந்து சென்றது என்பது அறிஞர் கருத்து. பலகார மர அச்சுகளும் இன்று துருவல் இயந்திரத்தில் ஆகின்றன என்பது கூடுதல் செய்தி.

நம் தமிழ்ப்பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் தமிழில் கற்பிக்கப்படுகின்றன. ஆறாம் ஆண்டு முடிந்ததும் மாணவர் இடைநிலைப்பள்ளி சென்று அவற்றை மலாயில் தொடர்கின்றனர். அங்கே கவாலான் பெராங்கா கொம்புத்தர் என்ற திட்டமான சொல் காத்திருக்கிறது. அதைக் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுக்குள் தொழில்வினைகள் தமிழில் ஊன்றாவிட்டால், பிறகு ஊன்ற இடமே இல்லை. அம்மாணவனுக்குத் தமிழ் பாராட்டுவிழாவுக்கு மட்டும் உரிய மொழியாகிவிடும். இது எமக்குக் கவலை தருகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி உழவுத் தொழிற்சொற்களை ஊர் ஊராகத் திரட்டி 1962-இல் அகராதியாக வெளியிட்டார். நெசவுக்கும் பின்னர்த் தொகுதி வந்தது. அத்தகைய பெரும்பணிக்கு நிதியும் ஆளும் வேண்டும். ஆசிரியர்களால் இயலும் சிறுபணி ஒன்றுண்டு. மாணவர்களைச் சொற்பட்டியலோடு அனுப்பாதீர்கள். அரைகுறையாக வெட்டிய அகப்பை ஒன்றைக் கையில் கொடுத்துப் பாட்டன் பாட்டியிடம் அனுப்புங்கள். 'இதற்குப் பெயர் என்ன?' என்று கேட்டால் கரண்டி என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். 'இதை எப்படிச் செய்வீர்கள்?' என்று கேட்டால் வினைகள் வரும். சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதி, சொன்னவரின் வயது, தோட்டம், செய்த வேலை ஆகியவற்றைக் குறிக்கச் சொல்லுங்கள். பெயர் வேண்டியதில்லை.

அவ்வாறு நாமும் ஒரு துண்டை ஜாசின் பக்கத்து மூத்த தச்சர் ஒருவரிடம் காட்டினோம். அகப்பை முழுதும் வெட்டுண்ட பின்னும் பலகையிலிருந்து பிய்ந்து பறந்துவிடாதிருக்க, ஓரத்தில் இரண்டு மூன்று இடங்களில் சிறு மரத்துண்டை வெட்டாமல் விட்டுவைப்பர். இறுதியில் அதை உளியால் நீக்குவர். அதற்குத் தமிழில் பெயர் தேடிக்கொண்டிருந்தோம். அவர் புரட்டிப் பார்த்து, "காம்பு விட்டிருக்காங்க" என்றார். பழத்தைக் கிளையோடு பிடித்து வைத்திருப்பது காம்பு. இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்று மகிழ்ந்தோம். இடர் ஒன்றும் உடனே தோன்றியது: அகப்பையின் கைப்பிடிக்கும் அகப்பைக்காம்பு என்றுதான் பெயர். 'காம்பை நறுக்கு' என்று சொன்னால் மாணவன் எதை நறுக்குவான்? பலகார அச்சுக்கும் வெட்டுப்பலகைக்கும் காம்பு என்றே வைத்துக்கொள்ளலாம். அகப்பைக்கு மட்டும் வேறு சொல் வேண்டும். அது எந்தத் தோட்டத்தில் இருக்கிறதோ, உங்கள் மாணவர்கள் கேட்டு வரட்டும்.